சென்னை – பலாலி: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

கோப்பாய் மகள்

எல்லாருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு முழங்காலில் நெடுநாள் வருத்தம். சத்திரசிகிச்சை தேவையா என்று பார்க்க ஒரு மருத்துவரிடம் நாள் கிடைத்திருக்கிறது. நேரம் மாலை ஆறரை மணி. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து அன்றைக்கே வெளிக்கிட்டால் போய்ச் சேரலாமா, அல்லது முதல் நாளே போய்த் தங்க வேண்டுமா?

இதற்காக இணையத்தில் தேடினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறது. தூரம் ஓரிடத்தில் 354, இன்னோரிடத்தில் 220, மற்றோரிடத்தில் 191. நேரம் என்று பார்த்தால் ஒன்றில் 27 நிமிடம், ஒன்றில் 57 நிமிடம். ரிக்கற் பதியும் தளத்தில் ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடம். இருபத்தேழு நிமிடத்தில் சென்னை என்றால் அம்மாவுக்கு நல்ல சந்தோசம், ஆனால் எதை நம்பித் திட்டம் போடுவது? போய் வந்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பல்லாவரத்தான்

அக்கா, டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை மட்டும் நம்புங்கள். 27 நிமிடம் என்பது இந்த வழித்தடத்தில் எந்த விமானமும் பறக்காத நேரம். நான் முன்பு ஒரு விமான நிலையத்தில் தரைப் பணியில் இருந்தவன், இரவு விரிவாக எழுதுகிறேன்.

புவியியல் மாஸ்ரர்

பிள்ளை, முதலில் தூரத்தைத் தீர்ப்போம். 354, 220, 191 மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீற்றர், இரண்டாவது தரை மைல், மூன்றாவது கடல் மைல். அலகைப் போடாமல் இலக்கத்தை மட்டும் பெரிதாகப் போடுவதால் வருகிற குழப்பம் இது.

இந்த வழித்தடத்தின் தூரத்தை வீட்டில் இருந்தபடியே, ஒரு தாளும் பென்சிலும் வைத்துக் கணக்கிடலாம். எல்லா வழித்தடத்துக்கும் இப்படி அமையாது. சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 10 கலையில் இருக்கிறது. பலாலி 80 பாகை 4 கலை. அதாவது பலாலி சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். கிழக்கு மேற்கு வித்தியாசம் பதினொரு கிலோமீற்றர்தான், இவ்வளவு தூரத்தில் அது கணக்கை அசைக்காது. ஆகவே அகலக்கோடுகளைக் கழித்தாலே போதும்.

மீனம்பாக்கம் வடக்கு 12 பாகை 59 கலை. பலாலி வடக்கு 9 பாகை 47 கலை. கழித்தால் 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு அறுபது கலை, ஆகவே 192 கலை. கடல் மைல் என்ற அளவே அகலக்கோட்டில் ஒரு கலைத் தூரத்தை வைத்து உருவானதுதான். ஆகவே 192 கடல் மைல். அதை 1.852 ஆல் பெருக்கினால் 355.6 கிலோமீற்றர்.

தளங்கள் 354 என்கின்றனவே, அந்த ஒன்றரைக் கிலோமீற்றர் எங்கே போனது? பூமி சரியான உருண்டை இல்லை, துருவப் பக்கம் சற்றுத் தட்டை. அதனால் மத்திய கோட்டை அண்டிய எங்கள் பக்கத்தில் ஒரு கலை 1.843 கிலோமீற்றரை ஒட்டியும், துருவத்தில் 1.862 ஆகவும் இருக்கும். 1.852 என்பது நடுவாக எடுத்த நியம அளவு. 192 ஐ 1.843 ஆல் பெருக்கிப் பாருங்கோ, 354 வரும். பாடசாலையில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அகலக்கோடு ஏன் படிக்கிறோம் என்ற கேள்வியே எழாது. உலகப் படத்தில் எங்கோ இருக்கும் இரண்டு நகரங்களைக் கொடுப்பதை விட, அவர்களின் அக்காவும் மாமாவும் போய் வருகிற பாதையைக் கொடுக்கலாம்.

இனி நேரம். 27 நிமிடம் சொல்லும் தளம் 354 ஐ மணிக்கு 800 கிலோமீற்றர் என்ற ஜெற் வேகத்தால் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். 57 நிமிடம் சொல்லும் தளம் அதே விடையுடன் ஏற இறங்க என்று அரை மணித்தியாலத்தைக் கூட்டியிருக்கிறது. இரண்டுமே கணினி தானாகப் போட்ட கணக்கு. பலாலிக்கு வருவது ஜெற் விமானம் இல்லை, சுழலி வைத்த ஏடிஆர் 72. அதன் உச்ச வேகமே மணிக்கு 500 கிலோமீற்றரைச் சற்றுத்தான் தாண்டும். அந்த வேகத்தில் முழுத் தூரமும் போனாலே 42 நிமிடம் ஆகிவிடும். மிச்சத்தைப் பல்லாவரத்துத் தம்பி சொல்லட்டும்.

ஸ்காபரோ சித்தி

மாஸ்ரர், நேர வித்தியாசத்தையும் கூட்ட வேண்டாமா? இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் அரை மணித்தியாலம் வித்தியாசம் இருந்ததே.

புவியியல் மாஸ்ரர்

இப்போது இல்லை, தங்கச்சி. 1996 இல் இலங்கை மணிக்கூட்டை முன்னே தள்ளியது, அதே ஆண்டிலேயே அதில் பாதியைத் திரும்பக் குறைத்தது. பிறகு பத்து வருசம் இந்தியாவை விட அரை மணித்தியாலம் முன்னே இருந்தோம். 2006 ஏப்ரல் 15 இலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். ரிக்கற்றில் உள்ள புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேரடியாகக் கழிக்கலாம்.

பல்லாவரத்தான்

சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் இல்லை. விமானத்தின் சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுத்து அது நகரத் தொடங்கும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். இதற்குள் பறப்பதைத் தவிர நிறைய வேலை இருக்கிறது.

சென்னையிலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் இடத்திலிருந்து ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னால் இரண்டு மூன்று விமானம் நின்றால் அங்கேயே கால் மணி நேரம் போய்விடும். ஏறிய பிறகும் உடனே முழு வேகம் வராது. ஏடிஆர் மேலே ஏறும்போது மணிக்கு முந்நூறு சொச்சம் கிலோமீட்டர்தான் போகும், பதினைந்து இருபது நிமிடம் இப்படி ஏறிக்கொண்டே இருக்கும். இவ்வளவு குறுகிய தூரத்தில் மேலே போய் நிமிர்ந்து பறப்பது கொஞ்ச நேரம்தான். உடனே இறங்கத் தொடங்க வேண்டும், இறங்கும்போது மறுபடி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அப்புறம், விமானம் வரைபடத்தில் கோடு போட்டது போலப் போகாது. குறித்த வான்வழிப் புள்ளிகளைத் தொட்டுத்தான் போகும். நடுவழியில் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாறும். 354 கிலோமீட்டர் என்பது அதற்குக் குறைந்து போக முடியாத தூரம், பறப்பது எப்போதும் அதை விடச் சற்று அதிகம்.

கடைசியாகக் காற்று. இதை யாரும் எழுதுவதில்லை. பலாலி ஓடுபாதை 05/23. அதாவது ஒரு முனையிலிருந்து பார்த்தால் வடகிழக்கு நோக்கி 50 பாகை, மறுமுனையிலிருந்து தென்மேற்கு நோக்கி 230 பாகை. விமானம் எப்போதும் காற்றை எதிர்கொண்டு இறங்கும். தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை, சென்னையிலிருந்து வரும் விமானம் கடல் பக்கமிருந்து அப்படியே நேரே வந்து இறங்க வசதி. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குக் காற்று. அப்போது ஊரைத் தாண்டித் தெற்கே போய், திரும்பி, தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு பார்த்து இறங்க வேண்டி வரும். சில நிமிடம் அங்கே கூடும். சன்னலோரம் உட்கார்ந்தால் தீவுகளும் கடலேரியும் தெரியும். ஏடிஆருக்கு இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்கு மறைப்பு குறைவு.

எல்லாம் கூட்டினால் ஒன்றே கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. இதில் நிறுவனங்கள் சின்னத் தாமதத்தைத் தாங்கக் கொஞ்சம் மிச்சம் வைத்தே அட்டவணை போடுவார்கள். அதனால் சில நாள் பத்து நிமிடம் முன்பே இறங்கிவிடுவீர்கள்.

உறையூர்க்காரன்

திருச்சியையும் கணக்கில் சேருங்கள் சார். இன்டிகோ 2025 மார்ச் 30 இலிருந்து திருச்சி – யாழ்ப்பாணம் சேவை தொடங்கியது. தூரம் சென்னையில் பாதிதான். ஆனால் நேரம் பாதியாகவில்லை, ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஏன்?

புவியியல் மாஸ்ரர்

நல்ல கேள்வி. திருச்சி பலாலிக்கு வடமேற்கே இருக்கிறது. வடக்கே 107 கிலோமீற்றர், மேற்கே 149 கிலோமீற்றர். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 184 கிலோமீற்றர். கடல் மைலில் 99.

நேரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஊர்வது, ஏறுவது, திரும்பி இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து எந்தத் தூரத்துக்கும் 35 நிமிடம் ஒதுக்குங்கோ. மிச்சத்துக்கு ஏடிஆர் என்றால் தூரத்தை மணிக்கு 450 ஆல் வகுங்கோ. திருச்சிக்கு 35 உடன் 25, சரியாக அறுபது நிமிடம். சென்னைக்கு 35 உடன் 47, அதாவது 82 நிமிடம். இரண்டும் ரிக்கற் நேரத்தோடு ஒத்துப் போகும்.

ஜெற் விமானத்துக்கும் அதே 35 ஐ வைத்து 800 ஆல் வகுத்துப் பாருங்கோ. சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க 644 கிலோமீற்றர். 35 உடன் 48, மொத்தம் 83 நிமிடம். கொழும்புக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம், ஆனால் ரிக்கற்றில் பலாலிக்குப் போகும் நேரமேதான். குறுந்தூரப் பறப்பில் தூரம் நேரத்தைத் தீர்மானிப்பதில்லை, இந்த நிலையான அரை மணித்தியாலமும் விமானத்தின் வகையும்தான் தீர்மானிக்கின்றன.

மயிலிட்டி அலை

அப்படியென்றால் ஓடுபாதையை நீட்டி ஜெற் விமானம் விட்டால் எங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சம்? ஊரில் எல்லாரும் அதைத்தான் கதைக்கிறார்கள்.

பல்லாவரத்தான்

மாஸ்டர் கணக்குப்படியே பார்த்தால் 35 + 27 = 62 நிமிடம். அதாவது இருபது நிமிடம் மிச்சம். நடைமுறையில் பத்து, பதினைந்து என்று வைத்துக்கொள்ளலாம், ஜெட் விமானமும் இவ்வளவு சின்ன தூரத்தில் முழு வேகம் எடுக்காது.

பெரிய லாபம் நேரத்தில் இல்லை. ஏடிஆரில் எழுபது சொச்சம் பேர், ஏ320 ஜெட்டில் நூற்றெண்பது பேர். பயணப் பெட்டியின் எடைக் கட்டுப்பாடும் தளரும். குட்டையான ஓடுபாதை, வெயில், முழு ஆட்கள் என்று மூன்றும் சேர்ந்தால் சின்ன விமானத்தில் எடையை மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். முக்கியமாக, சிங்கப்பூர், துபாய் போன்ற இடங்களுக்கு நேரடியாகப் பறப்பது பற்றி யோசிக்கலாம். சென்னைக்குப் பத்து நிமிடம் குறைவது அதன் பக்கத்தில் சின்ன விஷயம்.

மயிலிட்டி அலை

நன்றி தம்பி. நான் ஒன்று சொல்ல வேண்டும். 1990 இல் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள காணிகளில் ஒரு பகுதி இன்னும் மக்களின் கையில் வரவில்லை. ஓடுபாதை நீள வேண்டும், விமானம் வர வேண்டும் என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. என் பிள்ளைகளும் வெளியிலிருந்து அதில்தான் வருவார்கள். ஆனால் எத்தனை மீற்றர் நீட்டுவது என்று பேசுகிற இடத்தில், அந்த மீற்றர் யாருடைய தோட்டம், யாருடைய கிணற்றடி என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். உரிய நட்டஈடும் மாற்றுக் காணியும் தந்து, உரிமையாளரைக் கேட்டுச் செய்தால் எங்கள் சனம் தடுக்காது.

புவியியல் மாஸ்ரர்

முழுக்க உடன்படுகிறேன். 

சுழிபுரம் அப்பு

பேரன் எழுதித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

பலாலிக்குச் சர்வதேச விமானம் வருவது 2019 இல்தான் முதல் என்று இளசுகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தளத்தைப் போட்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரித்தானிய விமானப்படை. அன்றைய இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வந்து சென்னைக்குப் போனதுதான். 1947 டிசம்பர் 10. காங்கேசன்துறை என்று அவர்கள் எழுதியது இந்தப் பலாலியைத்தான். அது டகோட்டா விமானம், இரண்டு சுழலி.

எங்கள் இளம் வயதில் திருச்சிக்கும் விமானம் போனது. ஸ்ரீரங்கம், சமயபுரம், வயலூர் என்று கோயில் பயணம் போகிறவர்கள், சீலை எடுக்கப் போகிறவர்கள், படிக்கப் போகிற பெடியன்கள் என்று கலந்து இருப்பார்கள். சத்தம் காதை அடைக்கும். ஆனால் கொழும்புக்கு இரவு மெயில் ரயிலில் போவதை விட இது எங்களுக்குக் கிட்ட என்ற எண்ணம் அப்போது எல்லாரிடமும் இருந்தது. பிறகு அது அறுந்தது. அந்தப் பாதை மறுபடி திறந்ததை உயிரோடு இருந்து பார்த்ததில் எனக்கு மிகவும் நிறைவு.

புவியியல் மாஸ்ரர்

ஐயா, டகோட்டா மணிக்கு 280 கிலோமீற்றரை ஒட்டிப் பறக்கும். 354 ஐ வகுத்தால் காற்றில் மட்டும் ஒன்றே கால் மணித்தியாலம். அன்று ஓடுபாதையில் வரிசை இல்லை, வான்வழியில் நெருக்கம் இல்லை. எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் நாங்கள் ரிக்கற்றில் பார்ப்பது ஏறக்குறைய அதே நேரம்தான். இதை எண்ணி எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கொழும்பு பற்றி நீங்கள் சொன்னதும் கணக்கில் சரி. பலாலியிலிருந்து கட்டுநாயக்க வான்வழியே 290 கிலோமீற்றர், சென்னை 354. நேர்கோட்டில் கொழும்புப் பக்கம்தான் கிட்ட. ஆனால் தரைவழியில் யாழ்ப்பாணம் – கொழும்பு 400 கிலோமீற்றரை ஒட்டி வரும். பஸ்ஸோ ரயிலோ, ஏழு எட்டு மணித்தியாலம். திருச்சியோ கட்டுநாயக்கவையும் விடக் கிட்ட, நேர்கோட்டிலும் சரி, நேரத்திலும் சரி.

ஸ்காபரோ சித்தி

ரொறன்ரோவிலிருந்து வருகிற எங்களுக்கும் இதே கணக்குத்தான். கொழும்பில் இறங்கி வாகனத்தில் எட்டு மணித்தியாலம் இருந்து வருவதை விட, சென்னையில் மாறிப் பலாலியில் இறங்கினால் உடம்புக்கு நல்லது. ஆனால் இரண்டு ரிக்கற்றும் ஒரே பதிவில் இருக்கிறதா, பெட்டியைப் பலாலி வரை நேரே அனுப்புவார்களா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி உள்ளே போக வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் இதைக் கேட்காமல் வந்து சென்னையில் பட்ட பாடு பெரிய பாடு. அதோடு, பலாலி விமானம் ஒரு நாளில் அடிக்கடி இல்லை. தவறினால் அடுத்தது மறுநாள்தான். இரண்டுக்கும் இடையில் ஐந்தாறு மணித்தியாலமாவது விடுங்கோ.

நாவாந்துறை

கப்பலை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? நாகபட்டினம் – காங்கேசன்துறை 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கியது. 60 கடல் மைல், நாலு மணித்தியாலம். பெட்டி கூடக் கொண்டு போகலாம்.

உறையூர்க்காரன்

சாமான் கொண்டு போகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் கோப்பாய் அக்கா அம்மாவோடு சென்னைக்குப் போக வேண்டும். நாகையில் இறங்கி மேலும் முந்நூறு கிலோமீட்டர் ரோட்டில் போகணும். முழங்கால் வலிக்கு அது ஆகாது. திருச்சி வழியும் அப்படித்தான், இறங்கி மறுபடி 330 கிலோமீட்டர். திருச்சியிலேயே மருத்துவம் பார்ப்பதாக இருந்தால் மட்டும் அந்த விமானம் சரி. அதோடு நவம்பரில் கடல் கொந்தளிக்கும், கப்பல் ஓடுமா என்றே சொல்ல முடியாது.

கோப்பாய் மகள்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்புவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

சரி, 80 நிமிடம் என்று எடுத்துக்கொள்கிறேன். பிற்பகல் மூன்று மணியளவில் விமானம் என்றால் நாலு இருபதுக்குச் சென்னை. ஆறரைக்கு மருத்துவமனை. இரண்டு மணித்தியாலம் இருக்கிறதே, காணாதா?

பல்லாவரத்தான்

காணாது அக்கா. கட்டை வைத்த பிறகு உள்ள நேரத்தைப் பாருங்கள். ஏடிஆர் சென்னையில் தூரத்தில் நிற்கும், அங்கிருந்து பஸ்ஸில் டெர்மினலுக்கு வரணும். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் மற்றவர்கள் இறங்கிய பிறகு கடைசியாகத்தான் அம்மாவை இறக்குவார்கள். அதே நேரத்தில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெரிய விமானம் ஒன்று வந்திருந்தால் குடிவரவில் கூட்டம். பெட்டி வர வேண்டும், சுங்கம் தாண்டணும். ஒரு மணி நேரம் என்பது நல்ல நாளில். வெளியே வரும்போது ஐந்தரை. அது ஜிஎஸ்டி ரோட்டிலும் கத்திப்பாராவிலும் வண்டி நகராத நேரம். மெட்ரோ வேகம்தான், விமான நிலையத்திலேயே நிலையம் இருக்கிறது, ஆனால் அம்மாவையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு சிரமம். ஆறரை நெருக்கடி, விமானம் அரை மணி நேரம் பிந்தினாலே முடிந்தது.

முதல் நாள் வந்துவிடுங்கள். நவம்பர் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள், மறுநாள் அதிகாலைதான் திறந்தது. அந்த மாதத்தில் 80 நிமிடப் பயணத்துக்கு ஒரு முழு நாள் கையில் வைத்திருப்பது வீண் இல்லை.

புவியியல் மாஸ்ரர்

பலாலிப் பக்கத்தையும் கூட்டுங்கோ. கோப்பாயிலிருந்து விமான நிலையம் அரை மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னர் வரச் சொல்வார்கள். ஆகவே வீட்டுப் படலையைச் சாத்தியதிலிருந்து சென்னைத் தங்குமிடக் கதவைத் திறக்கும் வரை ஆறரை ஏழு மணித்தியாலம். கொழும்பு வழியே போனால் இதே கணக்கு பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலத்துக்குப் போகும். உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தளங்கள் போடும் 27 க்கும் 57 க்கும் இடையில் ஒன்றும் இல்லை.

விசாவையும் நேரத்தோடு பாருங்கோ பிள்ளை. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் போகாமல் மருத்துவ விசா எடுப்பது நல்லது, கூடப் போகிற உங்களுக்குத் துணையாளர் விசா என்று தனியாக உண்டு. மருத்துவமனையிடமிருந்து கடிதம் கேட்டு வாங்குங்கோ.

கோப்பாய் மகள்

முதல் நாளே போவதாக முடிவெடுத்துவிட்டேன். மருத்துவமனைக் கடிதத்துக்கும் எழுதிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும்: அம்மாவுக்குப் படி ஏறுவது கஷ்டம். எந்த இருக்கை எடுக்கலாம்? முன்வரிசைதான் வசதி என்று முகவர் சொன்னார்.

பல்லாவரத்தான்

ஜெட் விமானத்துக்கு அது சரி. ஏடிஆர் 72 இல் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கிறது, முன்பக்கக் கதவு பெட்டிகள் ஏற்றுவதற்கு. முன்வரிசை எடுத்தால் அம்மா விமானத்தின் முழு நீளமும் குறுகிய நடைபாதையில் நடக்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று வரிசையில் எடுங்கள். சுழலி முன்பாதியில் இருப்பதால் பின்னால் சத்தமும் அதிர்வும் குறைவு. ஒரு பக்கத்துக்கு இரண்டே இருக்கை, நீங்கள் சன்னலோரம் உட்கார்ந்து அம்மாவுக்கு நடைபாதைப் பக்கத்தைக் கொடுங்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். படிகள் ஜெட் விமானத்தை விட மிகவும் குறைவு, தரையிலிருந்து கதவு அவ்வளவு உயரம் இல்லை. ஆனாலும் படி ஏற முடியாது என்று பதியும்போதே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலி கோரிக்கையில் வகைகள் இருக்கின்றன, வாசல் வரை மட்டும் போதுமா, படியிலும் தூக்கி உதவ வேண்டுமா என்று கேட்பார்கள். படியிலும் உதவி வேண்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

உறையூர்க்காரன்

திரும்பி வரும் டிக்கெட்டை இப்போதே நாள் குறித்து வாங்கிவிடாதீர்கள் அக்கா. மருத்துவர் இன்னொரு பரிசோதனை சொன்னால் தேதி தள்ளிப் போகும். மாற்றக்கூடிய டிக்கெட்டா என்று பார்த்து எடுங்கள். முழங்கால் அறுவை சிகிச்சை அங்கேயே செய்வதென்றால், எப்போது பறக்கலாம் என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயணம் 80 நிமிடம்தானே என்று அவசரப்பட வேண்டாம்.

கோப்பாய் மகள்

இரண்டும் குறித்துக்கொண்டேன். கடைசிக்கு முந்திய வரிசை, நடைபாதைப் பக்கம் அம்மாவுக்கு. விசாப் படிவம் நாளைக்குக் கொடுக்கிறேன்.